ஒத்த ஊசிக்கு நான் எழுதுன விமர்சனம்

அந்த டி-சர்ட்டு நான் பிரிண்டு அடிச்சதுங்ணா.

நெசமாத்தானுங்க. நெஞ்சுல ஊசிப் படம் இருக்குதுல்ல, அது நேரா நிக்கோணும். உங்களுது எடது பக்கம் சாஞ்சிருக்குது பாருங்க. முந்நூறு பீஸ்ல ஒரு நாப்பது பீஸ் அப்படி. கை நடுங்கிருச்சுன்னு மொதலாளிகிட்டச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, வேணும்னேதான் சாய்ச்சு அடிச்சனுங்க. போட்டுக்கிட்டுத் திரியறவன் ஒவ்வொருத்தனும் கண்ணாடியில பாத்து மூஞ்சியைச் சுளிக்கட்டும்னு.

என்னது? கோணல் ஊசிக்குத்தான் கிராக்கியா? ரெண்டு நேர் ஊசி குடுத்து இந்த ஒண்ணை மாத்தி வாங்குனீங்களா? சரிதான் போங்க. நான் என்ன செஞ்சாலும் அது அந்தச் சென்னிக்கு நல்லதாத்தான் முடியுது.

பையை நான் மடியில வச்சுக்கறனுங்க, நீங்க தாராளமா ஒக்காருங்க. ஒண்ணுமில்லீங்க, ஒரு பழைய நோட்டு. கருமத்தம்பட்டியில அக்கா ஊடு இருக்குது. பக்கத்துல ஒரு பழைய பேப்பர் கடை, எடைக்குப் போட்டறலாம்னு எடுத்துட்டு வந்தேன். ஒரு நோட்டு என்ன எடை வந்துரப் போகுதுன்னு கேக்காதீங்க. நீங்க கோயமுத்தூர் போயி ஹோப்ஸ் ஸ்டாப்புல எறங்குவீங்க, டி-சர்ட்டைப் பாத்தாலே தெரியுதே. ஆறு மணிக்கு அங்க அவன்ற பாட்டுப் புரோகிராம். பாட்டை நிறுத்த வேண்டாங்க, கேளுங்க. ஏழாவது பாட்டா? ம். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க.

அவனைத் தெரியுமான்னா கேட்டீங்க? நல்லாக் கேட்டீங்க. அவனுக்குப் பல்லு விழுந்து மொளைச்சதுல இருந்து எனக்குத் தெரியும். அனுப்பர்பாளையத்துல எங்க ஊட்டுக்கு எதுத்த ஊடு. சென்னியப்பன்கறது அவன் தாத்தன் பேரு, அதையே அவனுக்கும் வச்சுட்டாங்க. ஸ்கூல்ல அந்தப் பேரைச் சொல்லி நாங்க ஓட்டாத ஓட்டா! அதையே பாதியா நறுக்கி ‘சென்னி’ன்னு வச்சுக்கிட்டான், இன்னைக்கு ஊரே அதைக் கத்துது. என்ற பேரு தாமோதரன். தாமுன்னு கூப்பிடுவாங்க. கத்தறதுக்கு ரெண்டே எழுத்து. அதுக்கு என்னங்க கொறைச்சல்?

பத்தாவது முடிச்சதும் ரெண்டு பேரும் ஒரே பனியன் கம்பெனி. அவன் செக்கிங், நான் பிரிண்டிங். மத்தியானம் மெசினை நிறுத்துனாப் பத்து நிமிசம் சோறு, மிச்சம் இருவது நிமிசம் ராப்பு. கட்டிங் டேபிளை நான் தட்டுவேன், அவன் பாடுவான். உங்க டி-சர்ட்டுல கீழ் மடிப்பைப் பாருங்க, ரெண்டு கோடாத் தையல் ஓடுதுல்ல? அது ரெட்டை ஊசித் தையல். ஒரே மெசினுல ரெண்டு ஊசி சேந்து எறங்கும். எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் பேரு, ‘ரெட்டை ஊசி’. அந்தப் பேரை வச்சது நானுங்க. இன்னைக்கு ஆல்பத்துக்கு ‘ஒத்த ஊசி’ன்னு பேரு வச்சிருக்கானே, அதுல பாதிப் பேரு என்னுது. மீதிப் பாதி, என்னைக் கழட்டி விட்டுட்டேன்னு ஊருக்கு அவன் அடிச்ச தண்டோரா.

ராப்புல ஒரு கஷ்டம் இருக்குதுங்ணா, வெளிய இருந்து கேக்கறவங்களுக்குத் தெரியாது. மூச்சு விட எடமே இருக்காது. வார்த்தைய அவ்வளவு நெருக்கி எழுதிப் போடறோம், ஒரு வரி முடிச்சு அடுத்த வரி ஏறறதுக்குள்ள பாடறவன் காத்து இழுக்கோணும். அதுக்குத்தான் பக்கத்துல இன்னொருத்தன். வரியில கடைசி வார்த்தைய அவன் போடுவான். அந்தச் சின்ன எடத்துல மொத ஆள் மூச்சு வாங்கிக்குவான். ‘காலையில எட்டு மணி, கம்பெனிக்கு’ன்னு சென்னி நிறுத்துவான். ‘ஓட்டம்!’னு நான் போடுவேன். ‘கையில சோத்து டப்பா, கண்ணுல’ன்னு நிறுத்துவான். ‘தூக்கம்!’ இப்படி. வரி பூரா அவன் ஒழைப்புத்தான், நான் இல்லைங்கல. ஆனா ஜனங்க எதுக்குக் கையைத் தூக்குவாங்க, சொல்லுங்க? கடைசி வார்த்தைக்குத்தான். இதை அவன் ஒரு நாளும் வாயைத் தொறந்து ஒத்துக்கிட்டதில்லை. நானும் வாயைத் தொறந்து கேட்டதில்லைன்னு வச்சுக்கோங்க. கேட்டா வாங்கறது?

பிரிஞ்சதுக்குக் காரணமா? அவன்தான்.

மூணு வருசத்துக்கு முந்தி கோயமுத்தூர்ல ஒரு காலேஜு விழா. போயி நின்னா ஒரே ஒரு மைக்கு. இன்னொண்ணு ரிப்பேருன்னுட்டாங்க. சென்னி போயி அந்த மைக்கைக் கையில எடுத்துட்டான். எடுத்துட்டு என்னைப் பாத்து, ‘வாடா, ஒட்டி நில்லு, ஒண்ணுலயே ரெண்டு பேரும் பாடிக்கலாம்’ங்கறான். கேட்டீங்களா? அத்தனை பொண்ணு பையன் முன்னால எனக்குப் பிச்சை போடறான். நான் எறங்குனேன், பஸ் ஏறுனேன், ஊட்டுக்கு வந்துட்டேன். அன்னைக்கு அவன் பாடலையாமா. மொத வரி சொல்லிட்டு மேடையில நின்னு முழிச்சானாம், அப்பறமா எவனோ சொன்னான். நல்லா வேணும்.

அப்பறம் ஊட்டுக்கு வந்தானுங்க. ஒருக்கா இல்லை, மூணு தடவை. நான் இல்லைன்னு சொல்லச் சொல்லி அம்மாவை அனுப்புனேன். மூணாந்தடவை வாசப்படியில ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தான். ‘உள்ளதான் இருக்கான்னு தெரியுதுங்கம்மா, பரவால்லை’ன்னுட்டு அம்மா குடுத்த காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டான். அத்தோட சரி. நாலாந்தடவை வந்திருந்தா நான் பேசியிருப்பனுங்க. வரலையே! அத்தனை வருசச் சிநேகிதத்துக்கு மூணே மூணு தடவைதான் மருவாதியா? இதுக்குப் பேரு கழட்டி விடறது இல்லாம வேறென்ன?

போன ஆடியில ஆல்பம் வந்துச்சு. ஒம்பது பாட்டு. பின்னால ஒரு கம்பெனி கெடையாது, காசு போட ஆள் கெடையாது. சத்தம் எதிரொலிக்காம இருக்க மேல் ரூமு சுவத்துல நூல் கோன் வர்ற அட்டைப்பெட்டியெல்லாம் ஒட்டி, நடுவுல நின்னு பாடிப் பதிவு பண்ணியிருக்கான். எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க மொட்டை மாடியில துணி காயப்போடப் போனா அவன் ஜன்னல் தெரியும். தானாக் கண்ணுல படறதை என்னங்க பண்றது? ஒரு எட்டு மாசம் கண்ணுல பட்டுச்சு.

மொத வாரம் நானூத்திப் பன்னண்டு பேரு கேட்டிருந்தாங்க. எனக்குன்னா வயிறு நெறஞ்சு போச்சு. தெனமும் காலையில பல்லு வெளக்கறதுக்கு முந்தி அதைத்தான் பாப்பேன். அந்த நானூத்திப் பன்னண்டுலயும் ஒரு நாப்பது நாப்பத்தஞ்சு நான் கேட்டது. தப்பு கண்டுபுடிக்கோணும்னா கேட்டுத்தான ஆகோணும்?

அடுத்த வாரம், யூடியூப்ல ஆல்பத்துக்கு மார்க்குப் போடற ஒருத்தரு, சென்னைக்காரரு, அஞ்சுக்கு ரெண்டரை போட்டாரு. பீட்டு பழசு, ஏழாவது பாட்டு அரைகுறை, இன்னும் பழகோணும்னு. அன்னைக்குப் பிரிண்டிங் பட்டறையில எல்லாருக்கும் மைசூர்பா வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டாங்க, பொறந்தநாளுன்னு சொல்லிட்டேன். அப்பறம் ஒரு பத்திரிகையில நாலு வரி. ‘கொங்கு மண்ணிலிருந்து ஒரு முயற்சி, வரவேற்போம்.’ வரவேற்போமாமா! கல்யாண மண்டபத்து வாசல்ல சந்தனம் தெளிக்கிற மாதிரி.

ஆனா பாருங்க, அங்கதான் எனக்கு ஒரு உறுத்தல். பீட்டு பழசுன்னு எப்படிங்க சொல்லலாம்? அந்த டடடட டட்டுங்கறது துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெசினு. துணி தீந்து போயி வெறும் நூல்ல ஓடறப்ப அந்தச் சத்தம் மாறும், அங்கதான் அவன் குரலை எறக்கறான். அது தெரியாம ஒருத்தன் பழசுங்கறான். இன்னொருத்தன் கமெண்டுல, ‘இவனுக்குத் தமிழே ஒழுங்கா வரலை’ன்னு எழுதறான். எங்க பேச்சுங்க அது! எனக்குப் படக்குனு கோவம் வந்துருச்சு. திட்டறதுக்கும் ஒரு தராதரம் வேண்டாமா? எனக்கு மூணு பொய்க் கணக்கு இருந்துச்சு, அவனைத் திட்டறதுக்குன்னே தொறந்தது. அது மூணுலயும் போயி அன்னைக்கு ராத்திரி அந்தக் கமெண்டுக்காரன்கூடச் சண்டை போட்டேன். என்ற ஆளை வெட்டறதுன்னா நான் வெட்டோணும். நீ யாருடா?

அப்பத்தான் ‘நடுநிலை ரசிகன்’கற பேர்ல அந்த விமர்சனம் வந்துச்சு. நீங்க படிச்சிருப்பீங்க.

மனப்பாடமா! பரவால்லீங்களே. சொல்லுங்க, எப்படி எழுதியிருந்தான்? ம்... ம்... ‘தமிழ் ராப்புல இதுவரைக்கும் ஒரு ஆல்பத்தை இப்படி யாரும் கேட்டதில்லை’யா? அவன் எழுத்தைப் பத்தி அப்படியா பேசிக்கிறாங்க? இன்னொருக்காச் சொல்லுங்க.

ணா, கொஞ்சம் இப்படி வாங்க. மெதுவாப் பேசுங்க. அது நானுங்க.

சிரிக்காதீங்க. பிரிண்டிங் பட்டறைக்காரன் எழுத மாட்டானா? பதினோரு நாளு, மத்தியானம் சோறு உங்காம, இங்க் டப்பா மேல ஒக்காந்து போன்லயே டைப் அடிச்சது. ஒம்பது பாட்டையும் நொடி நொடியாப் பிரிச்சு மேஞ்சேன். மூணாவது பாட்டுல ரெண்டு நிமிசம் பத்தாவது நொடியில அவன் ‘அம்மா’ங்கறப்பத் தொண்டை கம்முது, அதை மறுபடி பாடாம அப்படியே விட்டிருக்கான், சோம்பேறின்னு எழுதுனேன். அஞ்சாவது பாட்டுல பின்னால ஒரு டீக்கடை சத்தம் கேக்குது, அதைக்கூட அழிக்கத் தெரியலைன்னு எழுதுனேன். எல்லாமே கொறைதானுங்க. ஒரு நல்ல வார்த்தை இருந்தாச் சொல்லுங்க, இப்பவே எறங்கிக்கறேன்.

ஏழாவது பாட்டைத்தான் உண்டு இல்லைன்னு பண்ணுனேன். ‘ஊசி மாத்தற நேரம்’. மெசினுல ஊசி ஒடைஞ்சா, மெக்கானிக்கு வந்து மாத்தற வரைக்கும் டைலருக்கு அஞ்சு நிமிசம் கெடைக்கும். நாள் பூராவும் நிமுந்து ஒக்கார்றது அப்பத்தான். அதுதான் பாட்டு. நல்ல விசயம்தான். ஆனா அதுல பத்தொம்பது எடத்துல வரியோட கடைசி வார்த்தையே இல்லை. பாடிக்கிட்டே வர்றான், கடைசியில பொக்குனு நிக்குது, வெறும் மெசினு சத்தம், அப்பறம் அடுத்த வரி. ‘மூச்சு பத்தாத பாடகன்’னு தலைப்பே போட்டேன். பத்தொம்பது எடத்தையும் நிமிசம் நொடியோட எழுதி, எந்த வார்த்தை வந்திருக்கோணும்னும் பக்கத்துல எழுதுனேன். ‘இது கூடத் தெரியாதவன் எதுக்குப் பாட வந்தான்’னு முடிச்சேன்.

எப்படித் தெரியும்னா, தெரியாதா? நாங்க ரெண்டு பேரும் சேந்து எழுதுன பாட்டுங்க அது. மேடையில ஒருக்காக்கூடப் பாடுனதில்லை. பாடலாம்னு இருந்தப்பத்தான் அந்த ஒத்த மைக்கு.

எங்க அம்மாகிட்ட எதுத்த ஊட்டுக்காரங்க அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்காங்க. ‘நல்லாத்தான்டா இருக்குது, ஆனா அங்கங்க நீ கத்துவியே, அதைக் காணமே’ன்னுச்சு. அம்மாவுக்கு ஹிப்ஹாப்பப் பத்தி என்னங்க தெரியும். பேசாம இரும்மான்னுட்டேன்.

அவிநாசி வந்துருச்சுங்களா? இந்த டிரைவர் நெம்ப வேகம்.

விமர்சனம் போட்டதும் அவன் கதை முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். மூணு நாள் ஒண்ணும் காணோம். நாலாம் நாள் பாத்தா, மதுரையில ஒரு பொண்ணு, பாட்டைப் போட்டுட்டு ஒவ்வொரு காலி எடத்துலயும் நான் எழுதுன வார்த்தைய வச்சுக் கத்தி வீடியோ போட்டிருக்குது. அடுத்த நாள் அதே மாதிரி இருவது. அதுக்கு அடுத்த நாள் ஒரு ஹாஸ்டலே மெஸ்ஸுல தட்டைத் தட்டிக்கிட்டுக் கத்துது. ரசிகருங்க என்ற விமர்சனத்தைப் பிரிண்டு எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு நொடியாப் போயிப் போயிக் கேக்கறாங்க. ‘அம்மா’ங்கற எடத்துல தொண்டை கம்முதுன்னு எழுதுனேன்ல, அதைக் கேட்டு அழுதேன்னு துபாய்ல இருந்து ஒருத்தன் எழுதறான். டீக்கடை சத்தம் எந்த டீக்கடைன்னு கண்டுபுடிச்சு அங்க போயி நின்னு போட்டோ எடுக்கறாங்க. ரெண்டரை போட்டாரே அந்தச் சென்னைக்காரரு, அவரு மன்னிப்புக் கேட்டு இன்னொரு வீடியோ போட்டு நாலரை ஆக்கிட்டாரு. ‘நடுநிலை ரசிகன்தான் எனக்குக் கேக்கவே சொல்லிக் குடுத்தாரு’ன்னு வேற சொல்றாரு. மைசூர்பாக் காசு போச்சு.

பொறாமையான்னு கேக்கறீங்களா? ச்சே ச்சே.

இல்லீங்ணா, உங்ககிட்ட எதுக்கு மறைக்கறது. ஆமாங்க. பொறாமைதான். வயிறு எரியுது. தூக்கத்துல அவன் பேரைச் சொல்லிப் பல்லைக் கடிக்கறேன்னு அம்மா சொல்லுது. அவன் மேல மட்டுமில்லை, அந்த நடுநிலை ரசிகன் மேலயும். அவனை அண்ணன்கறாங்க, ஆசான்கறாங்க, எங்கடா இருக்கான்னு தேடறாங்க. அதே கைதான் பட்டறையில ஸ்க்ரீன் கழுவுது. தாமுவை யாருங்க தேடுனா? எனக்கு நானே வயிறெரியற நெலைமை எவனுக்காச்சும் வந்திருக்குதா?

அப்பறம் அந்தப் பேட்டி. நீங்க பாத்ததுதான். ‘ஏங்க, ஏழாவது பாட்டுல நெசமாவே மூச்சு பத்தலையா?’ன்னு பேட்டி எடுக்கற அந்தம்மா கேக்குது. இவன் சிரிக்கறான். அவன் சிரிச்சா எனக்குத் தெரியும், மூக்கு ஒரு பக்கமா இழுக்கும். ‘மூச்சு இருந்துச்சுங்க. அது இன்னொருத்தன் எடம். நான் சொல்லியிருந்தா அவன் நாற்காலியில நான் ஒக்காந்த மாதிரி ஆயிரும். அதான் காலியா விட்டேன்’ங்கறான். ‘அப்போ நடுநிலை ரசிகன் எழுதுன வார்த்தையெல்லாம்?’னு அந்தம்மா கேட்டுச்சு. அதுக்கு இவன், ‘அது ஒரு நோட்டுலதாங்க இருந்துச்சு. அதைப் படிச்சது ரெண்டே பேரு’ன்னான். அந்தம்மா அதைக் கவனிக்காம அடுத்த கேள்விக்குப் போயிருச்சு. நான் போனைத் தலகாணிக்கடியில வச்சுட்டு உத்தரத்தைப் பாத்துட்டுப் படுத்திருந்தேன்.

எழுதறப்ப அது எனக்குத் தோணவே இல்லீங்ணா. எனக்குத் தெரியும்னு காட்டிக்கோணும்கற வேகத்துல, யாருக்குமே தெரிஞ்சிருக்க முடியாததை எழுதி வச்சிருக்கேன். பதினோரு நாளு ஒக்காந்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பட்டறைக்கு இந்த டி-சர்ட்டு ஆர்டர் வந்துச்சு. திருப்பூர்ல பிரிண்டிங் பட்டறைக்கா பஞ்சம்? ‘தாமோதரன் கையில அடிச்சாத்தான் வேணும்’னு சொல்லியனுப்பியிருக்கான். என்னைக் குத்திக் காட்டறதுக்குத்தான். வேற எதுக்கு?

இப்போ போன புதன்கிழமை, நடுநிலை ரசிகனுக்கு அவன் கணக்குல இருந்து ஒரு மெசேஜு. வணக்கம் கெடையாது, நலமா கெடையாது. இருங்க, படிக்கறேன். ‘பத்தொம்பதுல பதினெட்டு சரிங்க. பதினாலாவது எடத்துல நீங்க எழுதுனது தப்பு. சனிக்கிழமை நேர்ல வந்தாச் சொல்றேன். வாசல்ல உங்க பேர்ல பாஸ் இருக்கும். மைக்கு ரெண்டு இருக்குது.’

தப்பாமா! எனக்கே தப்பாமா! வாடான்னு கூப்பிட்டிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன், அது அவனுக்குத் தெரியும். அதான் தப்புன்னு எழுதியிருக்கான். அந்த ஒரு வார்த்தையால மூணு நாளாச் சோறு எறங்கலை. இன்னைக்குக் காலையில எழுந்திரிச்சு, அக்காளைப் பாத்துட்டு வரலாம்னு கெளம்பிட்டேன். சட்டை தேய்ச்சது அக்காளுக்காகத்தான்.

கருமத்தம்பட்டிங்களா இது? இருக்கட்டும் இருக்கட்டும். அக்கா ஊட்ல இருக்குதோ என்னமோ, போன் பண்ணாம வேற வந்துட்டேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பிக்கறேன்.

பதினாலாவது எடமா? நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே. ஆமாங்க, அதுதான். ‘ரெட்டை ஊசி ஓடுது பாரு, ரெண்டும் எங்க பேரு. ஒத்த ஊசி சென்னியின்னா, இன்னொண்ணு’. அங்க நிக்குது. ‘யாரோ’ன்னு நான் எழுதுனேன். பேரு, யாரோ. ரைமு நல்லாத்தான வருது? இப்போ ஊரே அங்க ‘யாரோ’ன்னுதான் கத்துது. போன மாசம் சேலத்துல ஆயிரம் பேரு கத்துனாங்க, வீடியோல பாத்தேன். ‘யாரோ! யாரோ!’ன்னு கையை ஆட்டிக்கிட்டு. சென்னி அந்த எடத்துல மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

நோட்டுல வேறதாங்க இருக்குது. பையில இருக்கறது அந்த நோட்டுத்தான், பாருங்களேன், நீல அட்டை. பதினாலாவது வரி, என்ற கையெழுத்து. ரைமு வரலையேடான்னு அன்னைக்கு நான்தான் அதைக் கோடு போட்டு அடிக்கப் போனேன். ‘பேருக்கு எதுக்குடா ரைமு, இருக்கட்டும் விடு’ன்னு அவன் பேனாவைப் புடுங்கிட்டான். அதை நான் எப்படிங்க விமர்சனத்துல எழுதறது? நடுநிலையா எழுதறேன்னு சொல்லிட்டு என்ற பேரை நானே எழுதுனா நல்லாவா இருக்கும்? பதிமூணு வார்த்தைய எழுதிட்டு அங்க வந்தப்ப அரைமணி நேரம் கை நின்னு போச்சு. அப்பறம் ‘யாரோ’ன்னு அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். ஆயிரம் பேரு சேந்து என்னை யாரோன்னு கத்தறதுக்கு நானே எழுதிக் குடுத்திருக்கேன்.

அதனால அவன் சொன்னது ஞாயம்னு ஆயிருமா? ஆகாதுங்க. எனக்குத் தெரிஞ்ச தப்பை அவன் வந்து எனக்குச் சொல்றதா? அதைக் கேக்கத்தான்... அதை ஒருக்கா மொகத்துக்கு நேராக் கேட்டுட்டு வந்துரலாம்னு ஒரு நெனப்பு. அக்கா ஊட்டுக்குப் போயிட்டு. நேரம் இருந்தா.

வேண்டாங்ணா, போன்ல சத்தமாப் போடாதீங்க. பஸ்ஸுல எல்லாரும்... சரி, போட்டுட்டீங்க. பன்னண்டாவது எடம் இது. ‘நூலு’ன்னு வரோணும். ம். அடுத்தது ‘நேரம்’. நீங்க தாளம் சரியாத்தான் போடறீங்க. இருங்க, இப்போ மெசினு சத்தம் மாறும், கேளுங்க, துணி தீந்துருச்சு, குரலை எறக்கறான் பாருங்க... ரெட்டை ஊசி ஓடுது பாரு... ரெண்டும் எங்க பேரு... நீங்க யாரோன்னு கத்தாதீங்க, ஒரு நிமிசம், ஒத்த ஊசி சென்னியின்னா, இன்னொண்ணு...

தாமு!

அய்யய்யோ. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. ஒண்ணுமில்லீங்க, பாட்டு, பாட்டு. இல்லீங்க கண்டக்டர், யாரையும் கூப்பிடலை. தாமு நான்தானுங்க. ஆமாங்க, கருமத்தம்பட்டி டிக்கெட்டு நான்தான். தாண்டிருச்சுன்னு தெரியுமுங்க. ஹோப்ஸுக்கு ஒண்ணு குடுங்க.

ணா, நிறுத்தாதீங்க. இன்னும் அஞ்சு எடம் இருக்குது.